நாற்பத்தொரு விநாடி சுழன்ற ரீல்

பத்தொன்பது வருஷத்தில் நான் இருநூற்றுப் பதினாறு மல்டிப்ளையர் ரீல்களைக் கையில் வாங்கிப் பார்த்துத் தரம் சொல்லியிருக்கிறேன். வரிசை எண்ணோடு நோட்டில் இருக்கிறது. கடைசியாகப் பார்த்த ரீலைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் கரையில் யாராவது வேறு மாதிரி சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது.

தெரியாதவர்களுக்காக: மல்டிப்ளையர் என்பது கடல் தூண்டிலில் மாட்டும் ரீல். படுக்கைவாட்டில் ஓர் உருளை, அதில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உருளை நாலைந்து சுற்று சுற்றும். எறியும்போது ஒரு நெம்புகோலைத் தட்டினால் உருளை விடுபட்டுத் தானாக ஓடும். பெரிய மீன் இழுத்தால் நரம்பு அறுந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க உள்ளே ஒரு பிரேக் உண்டு. அதை டிராக் என்போம்.

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில், கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவு ஒன்றில் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை பதினொரு பேர் உட்காருவோம். புது ரீல் வாங்குகிறவர் அங்கே மிகக் குறைவு. கப்பலில் வரும் ஆட்களிடமிருந்து கைமாறி வரும் பழைய ரீல்தான். பழையதை வாங்குவதென்றால் முதலில் என் கையில் கொடுப்பார்கள். முப்பத்து நாலு வருஷம் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் பேரிங் பரிசோதனையில் இருந்தவன் நான்; ரீலின் உருளை சுழல்வதும் பேரிங்கில்தான். ரீலைக் காதருகே வைத்து, நெம்புகோலைத் தட்டி, உருளையை ஒரே அளவு விசையில் கட்டைவிரலால் சுண்டுவேன். நிற்கும்வரை கைக்கடிகாரத்தில் விநாடி எண்ணுவேன். பத்துக்குக் கீழே என்றால் வேண்டாம், இருபதுக்கு மேல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நான் எண்ணும்போது யாரும் பேச மாட்டார்கள். கண்டெய்னர் லாரிகள்தான் பின்னால் இரைந்துகொண்டு போகும்.

போன ஆடியில் அவர் வந்தார். ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னைவிட ஒன்பது வயது இளையவர். தலைமுடி முழுக்கக் கறுப்பு. சாயம் இல்லை, பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டேன்.

அவரிடம் கடிகாரமே கிடையாது. ரீலைத் தூண்டில் கம்பில், அதாவது ராடில், மாட்டி, நரம்பின் முனையில் ஈர மணல் நிரப்பிய அரிசிப் பையைக் கட்டுவார். இருவரை அந்தப் பையை மணலில் இழுத்துக்கொண்டு ஓடச் சொல்வார். நரம்பு ஒரே சீராக விடுகிறதா, நின்று நின்று விடுகிறதா என்று ராடைப் பிடித்தபடி கவனிப்பார். பிறகு பக்கத் தட்டைத் திறந்து, உள்ளே விரலை விட்டு எடுத்து நாக்கில் வைப்பார். உப்புக் கரித்தால் கடல் நீர் உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தமாம். பார்க்கக் கூத்துபோல இருக்கும். அதனாலேயே எல்லாரும் பார்த்தார்கள்.

ஆவணியில் என்னிடம் ஏழு ரீல் வந்தன, அவரிடம் இரண்டு. புரட்டாசியில் என்னிடம் மூன்று, அவரிடம் எட்டு. ஐப்பசி மழையில் யாரும் வரவில்லை. கார்த்திகையில் என்னிடம் ஒன்றே ஒன்று. அதுவும் அவர் காய்ச்சலில் படுத்திருந்த நாளில். சைக்கிளில் டீ கொண்டுவருகிறவன்கூட முதல் கிளாஸை அவர் பக்கம் நீட்டத் தொடங்கினான். எனக்கு ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வரும், ஏடு படிந்து.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாதது என் நண்பரின் விஷயம்.

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் எடைமேடை பார்த்தவர் என் நண்பர். என் வலது பக்கத்துப் பாறை பத்தொன்பது வருஷமாக அவருடையது. வின்ச்காரர் வந்தபிறகு நண்பரின் உடம்பு என் பக்கம் இருக்கும், முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். வின்ச்காரர் ஏதாவது சொன்னால் இவர் தொடையைத் தட்டிச் சிரிப்பார். நான் சொன்ன எதற்கும் இவர் தொடையைத் தட்டியதில்லை.

மார்கழியில் நண்பரின் ரீலில் பல்சக்கரம் உடைந்தது. தை பிறந்ததும் கொடுவா மீன் கரைக்கு வரும், அதற்குள் வேறு ரீல் வேண்டும். எனக்கு உள்ளுக்குள் ஒரே கேள்வி: யார் சொல்லை வைத்து வாங்கப்போகிறார்?

துறைமுகச் சாமான் கொண்டுவரும் தரகர் ஒரு நாள் காலையில் துணியில் சுற்றி ஒரு ரீலைக் கொண்டுவந்தார். நான்கு வருஷமாக எங்களுக்கு ரீல் தருகிறவர். நேராக என்னிடம் வந்தார்.

"பெர்சு கையில குடுக்குறேன். பெர்சு சொல்லட்டும், அப்பால பேசுவோம்" என்றார்.

சுண்டினேன். முப்பது தாண்டியது. முப்பத்தைந்து. கூட்டம் கூடிவிட்டது. நாற்பத்தொரு விநாடி! என் நோட்டில் அதற்குமுன் அப்படி ஒன்று இல்லை.

"இன்னா சொல்ற மாமு?" என்றார் நண்பர்.

"எடுத்துக்கோ. நான் பார்த்ததுலயே இதுதான் முதல் தரம்."

நண்பர் பிடரியைச் சொறிந்தார். "சரி மாமு. அவராண்டயும் ஒருவாட்டி காட்டிட்டு வந்துட்றேன். சும்மாதான்."

சும்மாதானாம். என் கையிலிருந்த ரீலை அவரே எடுத்துக்கொண்டு போனார். பதினாறு அடி தூரம்.

மணல் பை இழுபட்டது. நரம்பு டக்டக்கென்று நின்று நின்று வந்தது. வின்ச்காரர் தட்டைத் திறந்து விரலை விட்டார், நாக்கில் வைத்தார், துப்பினார்.

"வேணா நைனா. கெரசின்ல குளிப்பாட்டிக்கீறானுங்க. உள்ள ஒரு சொட்டு கிரீஸ் இல்ல. டிராக்கு காஞ்சி கெடக்குது. பெர்ய மீனு வலிச்சா நரம்பு பணால்தான்."

தரகர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். "நக்கிப் பார்த்துச் சொல்ல இது என்ன ஊறுகாயா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். இரண்டே பேர்.

"பெர்சு, நீ கட்யாரத்த பாக்குற. மீனு இன்னா கையில கட்யாரம் கட்டிகினா வருது?" என்றார் வின்ச்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். தரகர் சிரித்தார். நண்பரும் சிரித்தார், தொடையைத் தட்டி.

அந்தச் சத்தத்துக்குப்பிறகு நான் பேசியது பேசியிருக்கக் கூடாதது. "அந்த ஆள் பேச்சுதான் பெரிசுன்னா அங்கேயே போய்க்கோ. இனிமே என் பக்கத்துல உட்காராதே" என்றேன்.

"இன்னா மாமு, ஒரு ரீலுக்கு போய் இப்டி பேசுற?" நண்பர் ரீலைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பிறகு தரகரைப் பார்த்து, "சரி, வெச்சிட்டு போ. நான் எடுத்துக்கறேன்" என்றார்.

வென்றுவிட்டேன். வீட்டுக்குப் போகும் பேருந்தில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

சாப்பிட்டுவிட்டு நோட்டை எடுத்து அந்த நாற்பத்தொன்றை எழுதும்போதுதான் கண்ணில் பட்டது. அந்தத் தரகர் கொண்டுவந்தவை மொத்தம் நாற்பத்து மூன்று ரீல். அவற்றில் ஒன்றுகூட முப்பது விநாடிக்குக் குறையவில்லை. அவருக்கு முன்னால் மற்றவர்கள் கொண்டுவந்த எதுவும் இருபத்திரண்டைத் தாண்டவில்லை. நான்கு வருஷமாக என் கையெழுத்தில் என் எதிரிலேயே இருந்திருக்கிறது. கூட்டிப் பார்த்தேனே தவிர, பிரித்துப் பார்க்கவில்லை.

என் சொந்த ரீல் பதினாறு விநாடிதான் சுழலும். அதைக் கழற்றி, கிரீஸையெல்லாம் துடைத்து, மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்துச் சுண்டினேன். முப்பத்தெட்டு. தொழிற்சாலையில் பேரிங்கைக் கழுவிவிட்டுத்தான் சுழற்றுவோம், ஆனால் கழுவுவது நாங்கள். சோதித்த பிறகு கிரீஸ் வைத்து அனுப்புவதும் நாங்கள். இங்கே யார் கழுவினார்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கடலில் உப்பை உள்ளே விடாமல் தடுப்பது அந்த கிரீஸ்தான். அதுதான் உருளையைச் சீக்கிரம் நிறுத்தவும் செய்கிறது. நல்ல ரீல் குறைவாகச் சுழன்றதற்குக் காரணம் அது. தரகர் என் கடிகாரத்துக்கு ஏற்றபடி ரீலைத் தயார்செய்து கொண்டுவந்திருக்கிறார்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று நாள் சொல்லவில்லை. மூன்று காலையும் நண்பர் அந்த ரீலோடு என் வலது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவருடைய ராட் வளையும்போதெல்லாம் சின்ன மீனாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மூன்று நாளில் ஏழு கெளுத்தி, இரண்டு சின்னப் பாறை மீன். என் வேண்டுதல் பலித்ததில் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அதை இப்போது எழுதக் கை கூசுகிறது.

நான்காம் நாள் "கொடு, எண்ணெய் போட்டுத் தரேன்" என்று ரீலை வாங்கிக்கொண்டு, பிற்பகல் மூன்று மணிக்கு ராயபுரத்தில் வின்ச்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவர் கேலி செய்வார் என்று பதில்கள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. "வா பெர்சு, குந்து" என்றார். அவர் மனைவி எனக்கு மோர் கொடுத்தார். ரீலைப் பிரித்து, டிராக்கில் காய்ந்து வெடித்திருந்த மூன்று தோல் வளையங்களை எடுத்துப் போட்டார். மேசை இழுப்பறையிலிருந்து வேறு மூன்று வளையங்களை எடுத்துக் கிரீஸில் தோய்த்து வைத்தார். முதல் தடவையே அளவு அப்படியே பொருந்தியது. கை அனுபவம் என்று நினைத்துக்கொண்டேன்.

"பேரிங்கு மட்டும் ஏ ஒன்னு பெர்சு. அத்த நீ கரீட்டா சொல்லிக்கீற" என்றார். "காதாண்ட வெச்சி இன்னா கேக்குற? எனக்கும் சொல்லேன்."

"நேரமாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நண்பரிடம் ரீலைக் கொடுத்தேன். அவர் சுண்டிப் பார்த்தார், பதினைந்திலேயே நின்றது. அவர் கேட்பதற்குமுன் நான் சொன்னேன். "நான் சொன்னது தப்பு. அவர் சொன்னதுதான் சரி. நேத்து அவர்கிட்டதான் போய்ச் சரி பண்ணிட்டு வந்தேன்."

"தெர்யும் மாமு" என்றார் நண்பர், இரையைக் கோத்துக்கொண்டே.

"என்ன தெரியும்?"

"ரீலு சரியில்லன்னு. பைய வலிச்சப்பவே தெர்ஞ்சிபோச்சி."

"அப்புறம் எதுக்கு வாங்கினே?"

"இன்னா பண்ண சொல்ற? பக்கத்துல குந்தாதன்ட்ட. ரீலு போனா வேற ரீலு கெடைக்கும். உன்ன மாதிரி பேஜாரு புடிச்ச ஆளு எனக்கு வேற எங்க கெடைப்பான்?"

அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தொடர்ந்தார். "அப்பால அவராண்ட சொன்னேன். ஞாயித்துக்கெயம எட்த்துகினு வா நைனா, கம்முனு மாத்தி குட்த்துட்றேன், பெர்சுக்கு தெர்ய வேணாம், மனசு ஒட்ஞ்சிபூடும்னாரு. நீ இன்னாடான்னா நீயே தூக்கினு போய் நின்னுக்கீற!"

அந்த வளையங்கள் நான் போவதற்கு முன்பே வெட்டி வைக்கப்பட்டவை என்று அப்போதுதான் புரிந்தது. என் மனம் நோகக்கூடாதென்று இரண்டு பேர் சேர்ந்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நன்றி சொல்ல வேண்டிய இடம். ஆனால் எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை.

"நான் இல்லாதப்போ ரெண்டு பேரும் எத்தனை தடவை பேசினீங்க?" என்று கேட்டேன்.

நண்பர் கடலைப் பார்த்து எறிந்தார். நரம்பு விழுந்து, ஈயக் குண்டு அடியில் தட்டியது. பிறகு என் பக்கம் திரும்பி, தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"ரெண்டு வாட்டி மாமு. ரெண்டே வாட்டி."

மூன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.