அதே மேளம், அதே வகையறா

எங்க ஊட்டுக்காரரு பேரு சின்னான். புருசன் பேரைப் பொண்டாட்டி வாயால சொல்றதில்லைன்னு எங்க பக்கம் ஒரு பழக்கம் இருக்குது. நான் சொல்லுவேன். ஆஸ்பத்திரியில சீட்டு எழுதுற சன்னல்ல நின்னு அத்தனை தடவை சொல்லியாச்சு, இனிமே கூச்சம் என்ன வேண்டிக் கெடக்குது? என் பேரு மாதம்மாள். கொல்லிமலையில வாழவந்தி நாடு. காப்பித் தோட்டத்துக்குள்ள சில்வர் மரம், மரத்துல மிளகுக் கொடி, மேட்டுல கொஞ்சம் குச்சிக்கெழங்கு. இதுதான் எங்க பொழப்பு.

அந்த மனுசனைப் பத்திச் சொல்லணும்னா மரத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும். மூங்கில் ஏணியை ஒத்தை ஆளாத் தோள்ல தூக்கிட்டுப் போயி மரத்துல சாத்தி, நாம அண்ணாந்து பாக்கறதுக்குள்ள உச்சிக் கொடியில நிப்பாரு. இடுப்புல ஒரு சாக்குப் பை, சட்டைப் பாக்கெட்டுல போன். மிளகு பறிக்கற மாசத்துல, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கற பைல் நாட்டுல இருந்தெல்லாம் ஆள் உட்டுக் கூப்புடுவாங்க. தரையில நாலு பேருக்கு முன்னால வாய் தொறக்காத ஆளு, மரத்து மேல ஏறிட்டா ஊர் நாயம் பூராப் பேசுவாரு. அம்பத்திரண்டு வயசு வரைக்கும் ஒருக்கா கூடக் கீழ உளுந்ததில்ல. அந்த ஆளு இன்னிக்கு ஒத்தைக் காலோட கட்டில்ல உக்காந்திருக்காரு. ஏன்னு கேளுங்க, வயிறெரிஞ்சு சொல்றேன்.

நாலு வருசத்துக்கு முன்னால எங்க மிளகுக்கு வாடல் வந்துச்சு. காலையில பச்சையா இருக்கற கொடி, ஒரே வாரத்துல எலையைக் கொட்டிட்டு நிக்கும். அப்பத்தான் போன்ல அர்த்தனாரி சாரு பேசறதை யாரோ காட்டிக் குடுத்தாங்க. வெவசாய ஆபீசுல இருந்து ரிட்டயர் ஆனவரு. மலைக்குக் கீழ அவரு ஊட்டுலயே உக்காந்து பேசி, பதிஞ்சு போடறாரு. பாட்காஸ்ட்டுங்கறாங்க. படம் கெடையாது, வெறும் பேச்சு. வேருல தண்ணி நிக்க உடாதீங்க, வாய்க்கால் வெட்டி உடுங்க, சாணியில இந்த மருந்தைக் கலந்து வைங்கன்னு அவரு சொன்னபடியே செஞ்சோம். பாதிக்கு மேல கொடி பொழைச்சுக்கிச்சு. அன்னையில இருந்து இவருக்கு அந்தச் சாரு தெய்வம்.

எங்க ஊட்டாண்ட டவர் கெடைக்காது. ஞாயித்துக்கெழமை பஸ் ஏறி வாசலூர்பட்டி போயி, போட் ஹவுஸ் பக்கம் உக்காந்து, வாரம் பூராக் கேக்கறதுக்கு வேணுங்கறதை எறக்கிட்டு வருவாரு. அங்க டூரிஸ்ட்டுங்க படகு உட்டுட்டு இருப்பாங்க, இவரு போனை மடியில வெச்சுக்கிட்டு அது எறங்கி முடியற வரைக்கும் குத்தவெச்சிருப்பாரு.

சாரு பேச்செடுக்கறதுக்கு முன்னால ஒரு பாட்டு வரும். பாட்டுன்னா வார்த்தை எதுவும் இல்ல. ஒரு புல்லாங்கொழலு, அதுக்கு அடியில டும் டும்னு மெதுவா ஒரு கொட்டு. அவரு பேசறப்பவும் அது பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கும். கொஞ்ச நாள்ல அதே பாட்டோட வேற வேற ஆளுங்க பேசறது போன்ல வர ஆரம்பிச்சுது. அதே பாட்டோட ஒருத்தர் பட்டா மாத்தறது எப்படின்னு பேசறாரு. அதே பாட்டோட ஒரு பொம்பளை, கொழந்தைக்கு எப்படிச் சோறூட்டறதுன்னு. அதே பாட்டோட ஒரு கொலைக் கதை வேற, அறுத்துப் போட்டாங்க பொதைச்சாங்கன்னு. எனக்குச் சோறு எறங்கல.

"ஏனுங்க, மிளகு சாரு ஊட்டுல கொலையெல்லாம் எதுக்குப் பேசறாங்க?"ன்னு கேட்டேன்.

"அதெல்லாம் அவரு பங்காளிங்க, புள்ள. ஆளுக்கு ஒரு விசயம் பாக்கறாங்க"ன்னாரு.

சிரிக்காதீங்க. எங்க மலையில அப்படித்தான். எங்கயோ மூணாவது மேட்டுல மேளம் அடிச்சாக்கூட, இது எந்த நாட்டு மேளம், எந்த வகையறா அடிக்கறாங்கன்னு ஊட்டுக்குள்ள இருந்தபடியே சொல்லிப்போடுவோம். ஒரு வகையறா அடியை இன்னொரு வகையறா அடிக்க மாட்டாங்க. அடிச்சா பஞ்சாயத்தாயிரும். அந்தக் கணக்கைத்தான் இவரு போனுக்கும் போட்டாரு. அதே மேளம்னா அதே வகையறா. மேளம் அவங்களுதுன்னா வாக்கும் அவங்களுது. நானும் கூறு கெட்டுப் போயி, இருக்கும் இருக்கும்னு தலையாட்டுனேன்.

இவருக்குச் சுகர் இருக்குது, ஆறு வருசமா. எங்க ஆஸ்பத்திரி நர்சம்மா கோகிலவாணி மாசாமாசம் மாத்திரை குடுக்கும். தங்கமான புள்ள. செருப்புப் போடுங்கண்ணா, காலைப் பாத்துக்குங்கண்ணான்னு சொல்லிச் சொல்லி அதுக்கு வாய் வலிச்சிருக்கும். ஒரு நாள் பறிப்பு முடிஞ்சு வந்தவரு, மாத்திரைக் கவரை எடுத்து அடுப்புல போட்டாரு. பதறிப் போயிட்டேன்.

"சாரு வகையறாவுல ஒருத்தரு சொல்லிட்டாரு. மாத்திரைதான் நோவை உடாமப் புடிச்சு வெச்சிருக்குதாம். கஷாயம் குடிச்சா மூணே மாசத்துல அத்துப் போயிரும்"னாரு.

"நர்சம்மாகிட்ட ஒரு வார்த்தை கேப்போமுங்க."

"அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்? நம்ம கொடியைக் காப்பாத்துனது நர்சம்மாவா, சாரா?"

போனை எடுத்துப் போட்டுக் காட்டுனாரு. அதே கொழலு, அதே கொட்டு. ஒருத்தன் தேனாட்டம் பேசறான், கஷாயப் பொடி வாங்கறதுக்குப் போன் நம்பரும் சொல்றான். அய்யோன்னு இருக்குது இப்ப நெனைச்சா. அந்தக் கஷாயத்தைத் தெனமும் காய்ச்சிக் குடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க? நான்தான். இந்தக் கையிதான். அவன் மேல எரியற எரிச்சல்ல பாதி என் மேலதான் எரியுது.

மூணாவது மாசம் காப்பிச் செடி வெட்டுன கட்டை ஒண்ணு சோத்துக்கைப் பக்கத்துக் கால்ல ஏறிருச்சு. வலிக்கலைன்னாரு. வலிக்காதது நல்லதுன்னு நெனைச்சோம், அட மடச் சனமே! சுகர் ஏறுனா கால்ல உணர்ச்சி செத்துப் போகும்னு நர்சம்மா பின்னாடி சொல்லித்தான் தெரிஞ்சுது. நாத்தம் அடிக்கறப்பத் துணியை அவுத்துப் பாக்கறேன், வெரலு கறுத்துக் கெடக்குது. அத்தனை கொண்டை ஊசி வளைவும் எறங்கி, கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வளைவுக்கு வளைவு என் தோள்ல சாஞ்சுக்கிட்டு, "மேல போயி மிச்ச மரத்தைப் பறிச்சரலாம்"னு சொல்லிட்டே வந்தாரு. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க.

டாக்டரு என்னைத் தனியாக் கூப்புட்டாரு. "அடுத்த கால் உங்க கையிலதான் இருக்கும்மா. மாத்திரையை உட்டா அதுவும் போயிரும்"னாரு. இப்பச் சொல்றேன், அன்னையில இருந்து எனக்கு வேற எதுவும் பெருசில்ல. தோட்டம் எப்படியோ போகட்டும். இருக்கற அந்த ஒரு கால் இருக்கணும்.

ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல ஒரு ராசிபுரத்துக்காரருக்கு மக சுமித்ரா தொணைக்கு இருந்துச்சு. ஒரு நாள் அது போன்ல தக்காளித் தொக்கு செய்யறது எப்படின்னு என்னமோ கேட்டுட்டு இருக்குது. பாத்தா, அதே கொழலு! இவரு படுத்திருந்தவரு எந்திரிச்சு உக்காந்துட்டாரு. "சாரு வகையறா!"ங்கறாரு.

நான் அந்தப் புள்ளைகிட்ட ஓடுனேன். "கண்ணு, இவங்கெல்லாம் அர்த்தனாரி சாருக்கு என்ன வேணும்?"

"எந்தச் சாருங்க அம்மா? இந்த மியூசிக்கா? இது ஓசியில கெடைக்குதுங்க. நெட்டுல இருக்கும், யாரு வேணும்னாலும் எடுத்துப் போட்டுக்கலாம். எங்க அக்கா புள்ள பொறந்தநாள் வீடியோவுக்குக் கூட நான் இதைத்தான் போட்டேன்"னு சிரிச்சுது.

யாரு வேணும்னாலும்! திருடன் போடலாம், கொலைகாரன் போடலாம், மருந்து விக்கறவன் போடலாம். எல்லாத்துக்கும் ஒரே கொட்டாம். ஏன்டா, பேசறதுக்கு ஆயிரம் வார்த்தை இருக்குது, உனக்குன்னு ஒரு கொட்டு இல்லையா? அந்தக் கஷாயக்காரன் நம்பருக்குப் போட்டேன். உபயோகத்தில் இல்லைன்னுது. நாசமாப் போறவன், அவனுக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கும்.

அர்த்தனாரி சாரு நம்பரு இருந்துச்சு. ஒவ்வொரு பேச்சு முடிவுலயும் அவரே சொல்லுவாரு. எடுத்தாரு. நான் வணக்கம் கூடச் சொல்லல.

"எங்க ஊட்டுக்காரரு கால் போச்சு சார். உங்க மேளத்தை நம்பிப் போச்சு."

முழுசும் சொன்னேன். திட்டிக்கிட்டே சொன்னேன். கடைசியில, "ஏம்மா, அது ஏதோ நல்லா இருக்குதேன்னு போட்டேம்மா. இப்படி ஆவும்னு சத்தியமா நெனைக்கல"ன்னாரு. கெட்ட மனுசன் இல்ல. அது இன்னும் கோவமா இருந்துச்சு. கெட்டவனா இருந்தா நல்லாத் திட்டியிருக்கலாம்.

"அந்தப் பாட்டைத் தூக்கிருங்க சார். இன்னொருத்தன் ஏமாறக் கூடாது"ன்னேன். சரின்னாரு.

ஊட்டுக்கு வந்தோம். இவருக்குப் புத்தி வந்திருக்கும்னுதான நெனைப்பீங்க? கட்டிலுக்கு அடியில கூட்டறப்பப் பாக்கறேன், மாத்திரை உருண்டு உருண்டு கெடக்குது. நான் குடுக்கக் குடுக்க வாயில ஒதுக்கி வெச்சிருந்து துப்பியிருக்காரு. நர்சம்மா வந்து விரல்ல குத்திப் பாத்து, மூஞ்சி செத்துப் போச்சு. "அக்கா, மறுபடியும் ஏறிட்டே போகுது. இடது கால் கட்டை வெரலு செவந்திருக்குது பாருங்க"ன்னுது.

"என்னங்க இது?"ன்னு அவரு முன்னால மாத்திரையைக் கொட்டுனேன்.

"கஷாயத்துல கொறை இல்ல. நடுவுல பண்டிகைக்கு மூணு நாள் குடிக்காம உட்டோமில்ல, அதுதான் காலை வாங்கிருச்சு"ன்னாரு.

"அந்தச் சுமித்ராப் புள்ள சொன்னது காதுல உளுகலையா? ஓசி மேளமுங்க அது! எவனும் எடுக்கலாம்!"

"தக்காளித் தொக்கு கேக்கற புள்ளைக்கு என்ன தெரியும்?"

என் தலையில நானே அடிச்சுக்கிட்டேன். சரி, சாரு வாயால வரட்டும்னு இருந்தேன். அடுத்த ஞாயித்துக்கெழமை நானே பஸ் ஏறி வாசலூர்பட்டி போயி, சாரு புதுசாப் போட்டதை எறக்கிட்டு வந்தேன். பாவம், சொன்ன வாக்கைக் காப்பாத்தியிருந்தாரு. புதுப் பாட்டு, வீணையாட்டம் ஒண்ணு. முதல்லயே எடுத்துச் சொல்றாரு: பழைய பாட்டு பொதுவானது, அதை வெச்சு யாரையும் நம்பாதீங்க, டாக்டரு குடுத்த மாத்திரையை யாரு சொன்னாலும் நிறுத்தாதீங்கன்னு. எனக்கு அழுகையே வந்துருச்சு. போனை இவரு காதுகிட்ட வெச்சேன்.

ரெண்டு நிமிசம் கேட்டாரு. "நிறுத்து புள்ள"ன்னாரு. "இது சாரு இல்ல."

"அவரு கொரலுதானுங்க!"

"கொரலை எவனும் போலப் பேசுவான். மேளம் மாறிப் போச்சு பாரு. வேற வகையறா வந்து உக்காந்துக்கிட்டு, சாரு பேரைச் சொல்லிப் பொய் பேசுது."

கொள்ளிக்கட்டையை எடுத்துச் சொருகுனாப்பல இருந்துச்சு. நான் திட்டி மாத்த வெச்ச பாட்டு. நான் போயி நின்னு எறக்கிட்டு வந்த பேச்சு. அந்தக் கட்டை வெரலு செவப்பா என்னைப் பாத்துட்டு இருக்குது.

மறுநாளே பஸ் ஏறுனேன். போட் ஹவுஸ் வாசல்ல நின்னு சாருக்குப் போட்டேன்.

"சார், பழைய பாட்டைப் போட்டே ஒருக்காப் பேசுங்க. அவரு பேரைச் சொல்லிப் பேசுங்க."

"ஏம்மா, அன்னிக்கு நீங்க பேசுனதுல இருந்து அந்தப் பாட்டு காதுல உளுந்தாலே எனக்கு நெஞ்சை என்னமோ பண்ணுதும்மா. என்னால முடியாது"ன்னாரு.

"எனக்கு மட்டும் இனிக்குதா சார்? அதைக் கேட்டா எனக்குப் போனைத் தூக்கி ஏரியில வீசலாம்னு வருது. பேசுங்க. இன்னொரு கால் இருக்குது சார் அவருக்கு."

அங்கயே படிக்கட்டுல உக்காந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழிச்சு வந்துச்சு, ஒரே ஒரு நிமிசம். கொழலு, கொட்டு, அப்பறம் சாரு. "வணக்கம் சின்னான். வாழவந்தி நாட்டுச் சின்னானுக்குத்தான் சொல்றேன். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, மாத்திரையை முழுங்குங்க. கஷாயம் வேண்டாம்."

ஊட்டுக்கு வந்து போட்டேன். இவரு நிமுந்து உக்காந்து, கையக் கட்டிக்கிட்டுக் கேட்டாரு. சாரு சொல்லி முடிச்சதும் கையை நீட்டுனாரு. மாத்திரையை வெச்சேன். சொம்புத் தண்ணி பூராக் குடிச்சு, வாயைத் தொறந்து காட்டுனாரு, சின்னப் புள்ளையாட்டம்.

காட்டிட்டு என்ன சொன்னாருன்னு கேளுங்க.

"பாத்தியா புள்ள, சாரு மாத்திரையைத்தான் சாப்புடச் சொல்லியிருக்காரு. இதை நீ முன்னாலயே ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

காலி சொம்பு என் கையில இருந்துச்சு. அவரு மேல வீசறதுக்கு ஓங்கிட்டேன். அவராலத்தான் நகர முடியாதேன்னு கீழ வெச்சுட்டு, வெளிய போயிட்டேன்.