பனியில் அடைத்த வழி

நான் இப்போது இருக்கும் ஊரில், லீவு நாள் என்றால் ஜனங்கள் பனிமலை மேல் நடந்து ஏறுகிறார்கள். மேலே கோயில் கிடையாது, வேண்டுதல் கிடையாது, டீக்கடைகூடக் கிடையாது. உச்சியில் நின்று ஒரு ரொட்டித் துண்டைத் தின்றுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். காலில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்கீ பலகைகள். அடியில் ரோமம் வைத்த ஒரு பட்டையை ஒட்டினால் பலகை முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. மணிக்கணக்காக அப்படி ஏறி, உச்சியில் பட்டையை உரித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் சறுக்கி இறங்கிவிட வேண்டியது. பேக்கன்ட்ரி ஸ்கீயிங் என்று இதற்குப் பெயர். கனடாவின் மேற்கு மலைகளுக்கு நர்ஸாக வந்து சேர்ந்த நானும் இந்தப் பைத்தியத்தில் சேர்ந்துவிட்டேன். போனில் அம்மாவுக்கு விளக்கிச் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "அவ்ளோ தூரம் ஏறி இன்னா எடுத்துக்கினு வர்ற?" என்பதுதான்.

"ஒண்ணும் எடுத்துக்கினு வரலம்மா. சும்மாதான்."

"சும்மாவா? அதுக்கு எதுக்குடி மூச்சு வாங்கிக்கினு ஏறுற? அந்த ஊர்ல வண்டி கிண்டி இல்லியா?"

வண்டி இருக்கிறது. ஸ்னோமொபைல் என்பார்கள். சக்கரத்துக்குப் பதில் பட்டைபோட்ட ஸ்கூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு டீசல் பம்புசெட்டை ஒரே கிணற்றில் ஓடவிட்ட மாதிரி சத்தம் போடும். நாங்கள் அரை நாள் ஏறும் மலையை அது ஒரு பாட்டு முடிவதற்குள் ஏறிவிடும். எங்கள் ஊரை ஒட்டிய மலைப் பூங்காவுக்குள் இந்த வண்டிகளை விடலாமா, வாசலிலேயே கேட் போட்டு நிறுத்திவிடலாமா என்று பூங்கா நிர்வாகம் ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்டது. அன்றிலிருந்து ஊர் இரண்டாகப் பிரிந்தது. மளிகைக் கடை வரிசையில்கூட இரண்டு கட்சியும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதில்லை. ஸ்கீ கட்சி காட்டு மான்கள் மிரள்கின்றன, அமைதி கெடுகிறது, புகை நாறுகிறது என்றது. வண்டிக் கட்சி, கால் முடியாதவன் மலையைப் பார்க்க வேண்டாமா, பூங்கா என்ன உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா என்றது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. எனக்கு அந்த நியாயங்களோடு சம்பந்தம் இல்லை. மானும் அமைதியும் எனக்கு இரண்டாம் பட்சம். டேல் என்கிற ஒருவனுக்கு அந்த வழி இல்லாமல் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஹெலன் என்னோடு வேலை பார்த்த நர்ஸ். எனக்கு ஸ்கீ போடக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் யாரோடும் பேசாமல், திரைச்சீலையை மூடிக்கொண்டு கிடந்தபோது, தன் பழைய பலகைகளைக் கொண்டுவந்து வாசலில் சாய்த்துவிட்டு, "எழுந்து வா" என்று கூப்பிட்டவள். ஒருநாள் பூங்காவின் மேல் பள்ளத்தாக்கில் அவள் முன்னால், நான் பின்னால் ஏறிக்கொண்டிருந்தோம். எங்கள் தலைக்கு மேலே, சரிவின் உச்சிவரை எட்டிப்பிடித்துத் திரும்பும் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தது ஓர் ஆரஞ்சு நிற வண்டி. அது திரும்பிய இடத்தில் பனி விரிசல் விட்டது. வெள்ளைச் சுவர் ஒன்று அப்படியே பெயர்ந்து வந்தது. நான் ஓரத்தில் இருந்ததால் இடுப்புவரை புதைந்ததோடு தப்பினேன். ஹெலனைக் கழுத்துவரை மூடிவிட்டது. கையாலும் மண்வெட்டியாலும் தோண்டித் தோண்டி அவளை வெளியே எடுத்தேன். தொடை எலும்பு இரண்டு துண்டு. ஆரஞ்சு வண்டி அதற்குள் மலையைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.

எங்கள் ஊரில் ஆரஞ்சு வண்டி ஒன்றுதான். அது டேலுடையது. அவன் மறுக்கவும் இல்லை. வார்டுக்குப் பூங்கொத்தோடு வந்து, "ஸாரி, கீழே ஆள் இருந்ததை நான் பார்க்கவே இல்லை" என்றான். ஹெலன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லை டேல், மலை என்றால் அப்படித்தான்" என்றாள். நான் பக்கத்தில் நின்று அவளுக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தேன். அதன்பிறகு ஹெலன் நேராக நடக்கவே இல்லை. வேலையை விட்டுவிட்டு, மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டாள். அவள் மன்னித்தது அவள் இஷ்டம். என்னை யாரும் கேட்கவில்லை, நான் மன்னிக்கவும் இல்லை.

அடுத்த குளிர்காலம் மலையடிவாரத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் அவனைப் பார்த்தேன். அதே ஆரஞ்சு வண்டியை டிரக்கிலிருந்து சிரித்துப் பேசிக்கொண்டே இறக்கிக்கொண்டிருந்தான். எனக்குள் எது புகுந்ததோ தெரியாது. குனிந்து இரண்டு கையாலும் பனியை வாரினேன். "நீ நாசமாப் போவ! உன் வண்டி கவுந்து போவ! ஒருத்தி காலை ஒடச்சிட்டு சிரிச்சிக்கினா இருக்க?" என்று கத்திக்கொண்டே அவனை நோக்கி மூன்று முறை தூற்றினேன். எங்கள் பக்கத்தில் ஒருத்தி மண்ணை வாரித் தூற்றிவிட்டாள் என்றால், அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. பெரிய ஆண்பிள்ளைகளே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

டேல் ஒரு நொடி விழித்தான். பிறகு அவன் முகம் மலர்ந்தது. குனிந்து, பனியை அழகாக உருட்டி, என் தோளைக் குறிபார்த்து எறிந்தான். அவன் நண்பர்கள் கைதட்டினார்கள். "நல்ல எறி, செலின்!" என்று ஒருவன் எனக்கும் சொன்னான். என் சாபத்தை அவர்கள் விளையாட்டுக் கணக்கில் வைத்துவிட்டார்கள். காருக்குள் போய் உட்கார்ந்து, ஆத்திரம் தாங்காமல் அழுதேன். இந்த ஊரில் இந்த ஊர் முறையில்தான் பழி வாங்க முடியும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அம்மா தூற்றியதை நான் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். திண்டிவனம் பக்கம், அனந்தபுரம் சந்தைக்குப் போகிற பாதையில் இருக்கிறது எங்கள் ஊர். அப்பா இறந்த மறு வருஷமே, பெரியப்பா எங்கள் நிலத்துக்குப் போகும் வண்டிப்பாட்டையில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். பாட்டை அவர் பாகத்து வழியாகத்தான் போகிறது. ஆனால் தாத்தா காலத்திலிருந்து எங்கள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை அதன்மேல்தான் வண்டியில் வரும். பஞ்சாயத்தில் ஒரே கேள்விதான்: அது வழக்கப் பாதையா, இல்லையா? பெரியப்பா ஊர்ப் பெரியவர்களை முன்கூட்டியே ஒவ்வொருவராகத் திண்டிவனத்துக்குக் கூட்டிப்போய் பிரியாணி வாங்கிக் கொடுத்திருந்தார். "அந்தப் பக்கம் வண்டி போயி நாங்க பாத்ததே இல்லியே" என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். எங்கள் வண்டியிலேயே ஏறி வந்த கிழவரும் சொன்னார். அன்றைக்கு அம்மா பெரியப்பா வாசலில் தலையை விரித்துப்போட்டு மண்ணை வாரித் தூற்றினாள். பங்குச் சாமியார் கூப்பிட்டுக் கண்டித்தார். "பூசையில மன்னிச்சிடுறேன் சாமி. மூட்டைய தலையில வச்சிக்கினு வரப்புல நடக்கறப்போ மன்னிக்க முடியல" என்றாள் அம்மா. பெரியப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாடி வீடு கட்டினார். பெரிய வியாழன் அன்று கோயிலில் சாமியார் ஊர்க்காரர்களின் காலைக் கழுவும் சடங்குக்கு முன் வரிசையில் உட்கார்ந்தார். அம்மா இன்றுவரை வரப்பில்தான் நடக்கிறாள்.

பூங்கா விவகாரத்திலும் கடைசியில் அதே கேள்விதான் வந்து நின்றது. வண்டிகள் அந்தப் பள்ளத்தாக்கில் பழங்காலத்திலிருந்து போய்வந்தனவா, சமீபத்தில் புகுந்தவையா? பழைய வழக்கம் இருந்தால் விட்டுவைப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஸ்கீ கட்சிக்காரர்கள் மான் படங்களைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பாதைச் சண்டையில் மானா ஜெயிக்கும்? சாட்சிதான் ஜெயிக்கும்.

நான் வேலை பார்க்கும் முதியோர் பிரிவில் வால்டர் இருந்தார். வாலிபத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் பொறிவைத்து நரி பிடித்தவர். வேலை முடிந்ததும் டீயும் நான் சுட்ட முறுக்கும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போவேன். பல் இல்லாததால் முறுக்கை டீயில் ஊறவைத்துச் சாப்பிடுவார். "அந்தக் காலத்தில் அங்கே வண்டி போனதா, வால்டர்?" என்று முதல்முறை கேட்டேன். "அதிகம் இல்லை" என்றார். அடுத்த வாரம், "வண்டியே இல்லாத காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டேன். உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தார். பனியில் நரியின் கால்தடம், மரம் முறியும் ஓசை, இரண்டு நாள் மனிதக் குரலே கேட்காத அமைதி. வாரா வாரம் அதையே கேட்டேன். குளிர் முடிவதற்குள், வண்டியே இல்லாத அந்தக் காலம் அவர் ஆயுள் முழுக்க நீண்டுவிட்டது. அவருக்கு வருஷங்கள் குழம்பும் என்பது அவரைப் பராமரிக்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ஊர்க் கூட்டம் சமூகக்கூடத்தில் நடந்தது. டேல் மைக்கைப் பிடித்தான். "என் அப்பா என்னை முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போன வழி அது. முட்டி போன பிறகும் அப்பா அந்த வண்டியில்தான் போய் மலையைப் பார்த்தார். மலையில் விழுந்தவர்களைத் தூக்கி வருவதும் எங்கள் வண்டிகள்தான். ஹெலனையும் அப்படித்தான் கொண்டுவந்தோம்" என்றான். அது உண்மை. அன்றைக்கு மீட்புக்கு வந்தவர்கள் அவன் கூட்டாளிகள். தள்ளிவிட்ட கூட்டமே தூக்கிவிட்டதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமாம்.

வால்டரின் சக்கர நாற்காலியை மைக் அருகே தள்ளிக்கொண்டு போனேன். "என் காலத்தில் அங்கே ஒரு வண்டியும் கிடையாது" என்றார் அவர், நடுங்கும் குரலில். டேல் எழுந்து மெதுவாகக் கேட்டான்: "வால்டர், நீங்களே என் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறீர்களே?"

வால்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் புன்னகை செய்தேன். அவர் முழங்காலில் நழுவிய போர்வையை இழுத்துவிட்டேன்.

"எனக்கு அப்படி ஞாபகம் இல்லையே" என்றார்.

டேலின் காது சிவந்தது. உட்கார்ந்துவிட்டான். அவன் தோள் தொய்வதை நான் கண்கொட்டாமல் பார்த்தேன். சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பள்ளத்தாக்கின் வாயில் இரும்பு கேட் போட்டார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். டேல் ஆரஞ்சு வண்டியை விற்கப் போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்ட அன்று பாயசம் வைத்துச் சாப்பிட்டேன். அம்மாவுக்குப் போன் செய்து, ஒன்று விடாமல் சொன்னேன்.

"சாட்சிக்கு இன்னா குடுத்த?" என்றாள்.

"முறுக்கும்மா."

"சரி. சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பதில் வருமுன் போனை வைத்துவிட்டாள்.

தவக்காலத்தில் ஊருக்குப் போனேன். மல்லாட்டை பிடுங்கும் சமயம். திண்டிவனத்தில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து வீடு சேர்ந்தேன். மறுநாள் காலை, ஆட்களுக்குக் கேழ்வரகுக் கூழ்ப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மா முன்னால் வரப்பில் போனாள். நான் இன்னும் வரப்பில் ஏறவில்லை. பெரியப்பா தன் பாகத்தில் நின்றுகொண்டிருந்தார். வயசாகிவிட்டது. ஆனாலும் மீசை முறுக்கு குறையவில்லை.

"வா செலினு! வெள்ளைக்காரன் வண்டியெல்லாம் மறிச்சிட்டியாமே? பசங்க போன்ல பாத்துட்டு சொன்னானுங்க. கெழவனை சாட்சி புடிச்சிக்கினு போனியாம்!" வாய்விட்டுச் சிரித்தார். "அது எங்க போவும்? நம்ம வூட்டு மூளை!"

சொல்லிக்கொண்டே, தடியால் முள்ளை ஒரு ஆள் போகிற அளவுக்கு ஒதுக்கினார். அடைத்த நாளிலிருந்து முதல் தடவையாக அந்தப் பாட்டை திறந்தது. அந்தப் பக்கம் வெயிலில் எங்கள் நிலம் தெரிந்தது.

"நீ இப்படியே போம்மா. உன்னை எவன் மறிக்கப் போறான்? உங்கம்மா வேணும்னா சுத்திக்கினு வரட்டும்."

டேல் மேல் எனக்கு இருக்கும் கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. அந்த கேட்டை நாளைக்கே பிடுங்கினால் மறுபடியும் போடவைப்பேன். ஆனால் இந்த மனிதர் என்னைத் தன் ஆளாகச் சேர்த்துக்கொண்டு, ஆசையாகச் சிரித்துக்கொண்டு நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. "வேணாம் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு வரப்பில் ஏறினேன். நாலு அடி வைத்திருப்பேன். ஏழு வருஷமாக அகலப் பலகைகளில் பழகிய கால், ஈர வரப்பில் நிற்கவில்லை. சறுக்கி, நாற்று வயலுக்குள் முழங்கால்வரை இறங்கிவிட்டேன். இடது பக்கம் வரப்பு, வலது பக்கம் பெரியப்பா திறந்து வைத்த பாட்டை.

சத்தம் கேட்டு அம்மா நின்றாள். தலையில் பானை இருந்ததால் கழுத்தைத் திருப்பாமல், உடம்போடு திரும்பினாள். என்னைப் பார்த்தாள். திறந்திருந்த முள்ளைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"எந்தப் பக்கம்னாலும் ஏறிக்கோ. எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.