பத்திலைத் தோரனுக்கு மூன்று குறைவு

சென்ற ஆடியில் என் மனைவியின் எடை நாற்பத்தைந்து கிலோ. காய்ச்சல் வருவதற்கு முன் ஐம்பத்திரண்டு. காய்ச்சல் விட்டுப் பதினெட்டு நாள் ஆகியும் ஒரு வேளைக்கு நான்கு வாய்க்கு மேல் அவளுக்கு இறங்கவில்லை. எதிரே உட்கார்ந்து எண்ணியதால் எனக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தது. "இனி மருந்து எதுவும் வேண்டாம். பிடித்ததைக் கொடுங்கள், சாப்பிட்டால் போதும்" என்றார் பம்பாய் செம்பூரில் எங்கள் டாக்டர். அந்தப் பிடித்தது எது என்பதுதான் தெரியவில்லை. இப்படியே போனால் இன்னொரு காய்ச்சலை அவள் உடம்பு தாங்காது என்று எனக்குப் பயம்.

பெங்களூரிலிருந்து மகன் பெட்டி பெட்டியாக அனுப்பினான். சியா விதை, கினோவா, கோதுமைப்புல் பொடி, முருங்கைப் பொடி என்று மொத்தம் ஒன்பது டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் சூப்பர்ஃபுட் என்று தங்க நிறத்தில் எழுதியிருந்தது. முருங்கைப் பொடியை மோரில் கலக்கி நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள்.

"ஏன்னா, கர்க்கடகத்துல முருங்கை இலையா?"

"சூப்பர்ஃபுட்டாம். உன் பிள்ளை சொல்றான்."

"சூப்பராவே இருக்கட்டும். மாசம் முடியட்டும், பாத்துக்கலாம்."

ஆடியைத்தான் எங்கள் பாலக்காட்டு வீடுகளில் கர்க்கடகம் என்போம். அந்த மாதம் முருங்கை இலை கூடாது. அதற்குப் பதில் பத்து வகை இலைகளைப் பொடியாக நறுக்கி, தேங்காய் போட்டுத் தோரன் செய்வோம். ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். "அப்போ பத்திலைத் தோரன் பண்ணட்டுமா?" என்று சும்மாதான் கேட்டேன்.

"பண்ணினா சாப்பிடறேன்" என்றாள்.

அத்தனை நாளில் ஒரு சாப்பாட்டுக்கு அவள் சரி என்றது அதுதான் முதல் தடவை.

எந்தப் பத்து இலை என்று அவளையே கேட்டிருக்கலாம். மறுநாள் காலை நான் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். போனில் தேடி ஒரு பட்டியல் எடுத்தேன். இலையைப் படம் எடுத்தால் பெயர் சொல்லும் ஒரு ஆப்பும் போனில் இருந்தது. அதன் துணையோடு எங்கள் சொசைட்டி காம்பவுண்டிலேயே மூன்று வகை பறித்துவிட்டேன். பெரிய சாதனை செய்த நினைப்பு. பிறகு குர்லாவில் வண்டி மாறி தாதர். மழைக்காலத்தில் ஸ்டேஷனுக்கு வெளியே மராத்திப் பெண்கள் காட்டுக்கீரைகளைக் கொண்டுவந்து விற்பார்கள். அவர்கள் டாக்ளா என்று விற்பது நம் தகரைதான். அங்கே அதையும் சேர்த்து இரண்டு வகை கிடைத்தது. ஆக ஐந்து.

மீதிக்கு மாட்டுங்கா மார்க்கெட். அங்கே கீரை விற்பவர் தாராவியிலிருந்து வரும் திருநெல்வேலிக்காரப் பெண்மணி. என் பையைப் பார்த்ததும், "என்ன மாமா, எனக்குப் போட்டியா கடை போடப் போறியளா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். தண்டுக்கீரை, சேம்பிலை, பூசணி இலை, பயற்றிலை, வெள்ளரி இலை என்று ஐந்து எடுத்து வைத்தார். பத்து ஆகிவிட்டது. பெருமையோடு என் பையைச் சாக்கின் மேல் கவிழ்த்தேன். அவர் ஒரு கொடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னது?"

"மூக்கிரட்டை. போன் சொல்லிச்சு, தொண்ணூத்து மூணு பர்சன்ட்."

"இது மிச்ச ஏழு பர்சன்ட்ல உள்ளது. மூக்கிரட்டைக்கு இலையோட அடிப்பக்கம் வெளுத்திருக்கும்லா? எங்கன பறிச்சீய?"

"சொசைட்டி காம்பவுண்ட் சுவரோரம்."

"கொசுமருந்து அடிக்கிற இடமா?"

அந்தச் சுவரோரம் வாரம் இரண்டு முறை மருந்து அடிக்க வேண்டும் என்று சொசைட்டிக்கு நான்கு கடிதம் எழுதியவனே நான்தான்.

"போன் பேரைச் சொல்லும் மாமா. அதுல எந்த நாய் காலைத் தூக்குச்சுன்னு சொல்லுமா?" என்றபடி காம்பவுண்டில் பறித்த மூன்றையும் குப்பைக்கூடையில் போட்டார்.

"ஏழுதானே ஆச்சு. பத்து வேணுமே."

"முருங்கை தரட்டா? காலைல பறிச்சது."

"இந்த மாசம் எங்களுக்கு ஆகாது."

"அப்படியா? ஆடில எங்க அம்மனுக்குக் கூழோட முருங்கைக்கீரைதான். அவளுக்கு ஒண்ணும் ஆகலையே!" என்று சிரித்தார். பிறகு குரலைத் தணித்து, "தகரைல கொழுந்தை மட்டும் ஆய்ஞ்சு எடுங்க. சேம்பிலைக்குக் கொஞ்சம் புளி விடணும், இல்லாட்டி தொண்டை அரிக்கும். மாமிக்கு லேசா காரம் போடுங்க" என்றார். ரயில் டிக்கெட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். ஒன்பது டப்பாக்களிலும் எத்தனை புரதம், எத்தனை இரும்பு என்று மில்லிகிராம் வரை போட்டிருக்கிறது. தொண்டை அரித்தால் என்ன செய்வது என்று ஒன்றிலும் இல்லை.

வீட்டுக்கு வந்து நானே நறுக்கினேன், நானே வதக்கினேன். பத்து என்று பொய் சொல்லிவிடலாமா என்று அடுப்பருகே யோசித்தேன். குறைகிறது என்று தெரிந்து அவள் தட்டைத் தள்ளிவிட்டால்? ஆனால் எண்ணிக்கையில் பொய் சொல்ல எனக்கு வராது.

"ஏழுதான் கிடைச்சது" என்றபடி தட்டை வைத்தேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இந்தப் பம்பாயில எனக்குப் பத்து எப்போ கிடைச்சிருக்கு? ஒரு வருஷம் ஆறு, ஒரு வருஷம் எட்டு. டாக்ளா போட்டேன், முள்ளங்கி இலை போட்டேன். ரோட்டுல இருக்கற குழியெல்லாம் எண்ணறேளே, நாற்பத்தேழு வருஷமா தட்டுல இருந்ததை எண்ணலையா?"

எண்ணவில்லை. பாலக்காட்டிலிருந்து அப்படியே வந்த சமையல் என்றுதான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு மழைக்கும் தாதர் நடைபாதையில் எது கிடைக்கிறது, அதில் எது உடம்புக்கு ஆகும் என்று பார்த்துப் பார்த்து அவள் புதிதாகச் சேர்த்திருக்கிறாள்.

பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மெதுவாக மென்றாள். "புளி ஜாஸ்தி" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அடுத்த வாய் போய்விட்டது. அதற்கடுத்ததும். தட்டில் தோரன் தீர்ந்தபோது, "இன்னும் கொஞ்சம் சாதம் போடுங்கோ, இதையும்" என்று தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

எழுந்தேன். இத்தனை நாள் கழித்து ஒரேயடியாக இவ்வளவு சாப்பிட்டால் வயிறு தாங்குமா என்று உடனே ஒரு கவலை வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று கரண்டியில் குவித்துத்தான் போட்டேன்.