காதில் கேட்டது ஃபைலில் இல்லை

வீட்டு ஸ்டூடியோக்களுக்கு டிரைவர் போட்டுக் கொடுக்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு, எது கெட்டாலும் பழியைக் கம்ப்யூட்டர் மேல் போட்டுவிடலாம். மைக்கைச் செருகுகிற ஆடியோ பெட்டி என்ன சொல்கிறது என்பதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் சின்ன மென்பொருள்தான் டிரைவர். எந்தப் பெட்டிக்கு எந்த டிரைவர், அதில் எந்தப் பதிப்பு என்று தேடியே பாதி ஆயுளைத் தொலைத்த சக பாவிகளுக்காக இதை எழுதுகிறேன்.

அண்ணாச்சியின் குரல்

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், கடை விளம்பரத்துக்குத் தானே குரல் கொடுப்பது என்று முடிவெடுத்து மைக்கும் பெட்டியும் வாங்கிவிட்டார். பெட்டியைச் செருகியதும் கம்ப்யூட்டர் தன் கையிலிருந்த பொது டிரைவரைப் போட்டுக்கொண்டது. அவர் 'வாங்க' என்று சொல்லி வாயை மூடிய பிறகுதான் ஹெட்போனில் 'வாங்க' வரும். அதைக் கழற்றிவிட்டுப் பெட்டிக் கம்பெனியின் டிரைவரைப் போட்டேன், தாமதம் போயிற்று. அண்ணாச்சி நாலு வரி பேசிக் கேட்டார். முகம் வாடிவிட்டது.

"நாப்பது வருசமா இந்தத் தொண்டைய வச்சித்தான் யாவாரம் பண்ணுதேன். இவ்வளவு மோசமாவா இருக்கு? ஏன் ஒருத்தனும் சொல்லல?"

எல்லோருக்கும் பேசியவர்

ராயப்பேட்டை சுகுணா அக்கா சீரியல்களுக்கு டப்பிங் பேசுகிறவர். இருபது வருடமாக மாமியார், மருமகள், பேய் எல்லோருக்கும் அவர்தான் குரல். தொண்டையில் புற்றுநோய் வந்துவிட்டது. திங்கட்கிழமை ஆபரேஷன், குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதற்குள் மகள் கவிதாவுக்காகத் தன் குரலில் பேசி வைத்துவிட வேண்டும். தெரிந்த ஸ்டூடியோவுக்கே போகலாமே என்றேன். அங்கே அழுதால் நாலு பேர் பார்ப்பார்கள் என்றார்.

நான் போனது புதன்கிழமை. மைக்கும் பெட்டியும் புதிதாக வாங்கி வைத்திருந்தார், லேப்டாப் மட்டும் பழசு. புது டிரைவர் அதில் ஏற மறுத்தது, பழைய பதிப்பு ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டேன். அக்கா ஹெட்போனை மாட்டிப் பேசிப் பார்த்தார். நானும் வாங்கிக் கேட்டேன், துல்லியமாக இருந்தது. திரையில், சத்தம் வருவதைக் காட்டும் பச்சைக் கோடும் ஆடியது. அடையாறில் இன்னொரு வீட்டில் எனக்காகக் காத்திருந்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

"நான் வூட்டுல பேசுற பேச்சு எந்த சீரியல்லயும் கெடையாது தம்பி. 'கீது'ன்னு சொன்னா அங்க கட் பண்ணிடுவாங்க. இன்னும் நாலு நாளு கீது, இஷ்டத்துக்குப் பேசப் போறேன்."

பச்சைக் கோடு

ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் கவிதா கூப்பிட்டாள். தரமணியில் வேலை பார்க்கிற பெண். அம்மா பேசி வைத்த ஒன்பது ஃபைலிலும் ஒரே இரைச்சல் என்றாள். போய் லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். குரலை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று குறிக்கும் இடத்தில் பெட்டியின் பெயர் இல்லை, லேப்டாப்பின் சொந்த மைக் இருந்தது. பெட்டியில் ஒரு பொத்தான் உண்டு. பேசுவதைக் கம்ப்யூட்டருக்குள் போகாமலே நேரே ஹெட்போனுக்கு அனுப்பிவிடும். நானும் அக்காவும் கேட்டது அதைத்தான். லேப்டாப்போ ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, தனக்கு எட்டியதைப் பதிந்துகொண்டிருந்தது. பச்சைக் கோடு அதற்கும் ஆடும். புதன்கிழமை ஒரு நிமிஷம் பதிந்து, திருப்பிப் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் செய்யவில்லை. தப்பு என்னுடையது என்று அவளிடம் சொன்னேன்.

மூன்று நாள் உட்கார்ந்து இரைச்சலை வடிகட்டினேன். ஃபேன் சத்தம் முழுக்கப் போனபோது, பேச்சு தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. கவிதா பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றினாள்.

"ஃபேன எடுத்தா அம்மாவும் கூடவே போயிடறாங்க அண்ணா. அப்படியே விட்டுடுங்க."

நோட்டு

சுகுணா அக்கா வீட்டுக்கு வந்ததும் பார்க்கப் போனேன். கழுத்தில் கட்டு, மடியில் நோட்டு. நடந்ததைக் கவிதா சொல்லியிருந்தாள். நீங்களாவது ஒருமுறை போட்டுக் கேட்டிருக்கலாமே என்று கேட்க நா துடித்தது. வெட்கங்கெட்ட கேள்வி. டப்பிங்கில் பேசுகிறவர் பேசிவிட்டுப் போவார், சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பது இன்ஜினியர் வேலை. இந்த வீட்டில் அந்த இன்ஜினியர் நான்தான்.

மன்னித்துவிடுங்கள் என்றேன். அக்கா தலையை ஆட்டினார், சரி என்றா இல்லை என்றா தெரியவில்லை. பிறகு பேனாவை எடுத்து மெதுவாக எழுதி, நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"நாலு நாளும் ஹெட்போன்ல அவ்ளோ தெளிவா கேட்டுச்சு தம்பி. கேட்டது நான் ஒருத்திதான்."

இப்போதெல்லாம் பதிந்ததைத் திருப்பிப் போட்டுக் கேட்காமல் நான் எந்த வீட்டிலிருந்தும் கிளம்புவதில்லை; ஒரு நிமிஷ வேலை, கற்றுக்கொள்ள எனக்கு இன்னொருவருடைய குரல் செலவாயிற்று.