கிளெனிஸ் எழுதாமல் விட்டவை

கிளெனிஸ் ஹாக்கடே அந்த விடுதியின் பொறுப்பாளராகச் சேர்ந்தது 1998 செப்டம்பரில். எழுத்தும் எண்ணும் எளிதில் பிடிபடாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் தனியார் பள்ளியின் விடுதி அது, இங்கிலாந்தின் டெவனில் இருக்கிறது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் இரண்டு வரி எழுதிவருகிறார். பிள்ளை தானாகச் செய்ததை மட்டுமே எழுத வேண்டும் என்பது விடுதி வழக்கம். கேட்டால் அந்தப் பிள்ளைக்கே வாசித்துக் காட்டும் நோட்டு அது. தடுமாறியதை எழுதி யார் மனதை நோகடிப்பது?

போன நவம்பரில், விடுதிப் பிள்ளைகளில் ஒருத்தியான டாம்சினுக்கு ஆண்டுப் பரிசீலனைக் கூட்டம். பன்னிரண்டு வயது. முந்தைய பள்ளியில் பாதி நாளைக் கழிவறையில் ஒளிந்தே கழித்தவள். இங்கே அவள் செலவை உள்ளூர் அரசு நிர்வாகமான கவுன்சில் ஏற்கிறது. அது கைவிட்டால், ரொட்டிக்கடையில் வேலை செய்யும் அவள் அம்மா ரொவீனாவுக்கு வேறு வழி கிடையாது.

கவுன்சில் அலுவலர் கிளெனிஸின் நோட்டிலிருந்தே வாசித்தார். தானாக எழுந்தாள். தானாக உடுத்தினாள். பையைத் தானே அடுக்கினாள்.

"நீங்க கைப்பட எழுதினதுதானே, மிஸஸ் ஹாக்கடே? நல்லா தேறிட்டா. இனி ஊர்ப் பள்ளியே போதும்."

ரொவீனா திரும்பிக் கிளெனிஸைப் பார்த்தார்.

"நான் மூணு தடவை கதவைத் தட்டின அப்புறம் தானா எழுந்தா," என்றார் கிளெனிஸ். "போடுற வரிசையிலேயே துணியை நாற்காலியில வெச்ச அப்புறம் தானா உடுத்தினா."

"அதெல்லாம் இதுல இல்லையே."

"கண்ணாடி போட்டுத்தானே இதை வாசிக்கிறீங்க? நல்லா தெரியுதேன்னு அதை நான் கழட்டி வெச்சுக்கட்டுமா?"

அலுவலர் சிரித்துவிட்டு நேரமாகிவிட்டது என்றார். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது: ஈஸ்டரோடு உதவி நிறுத்தம். முடியாத பிள்ளை என்று நிரூபித்தால்தான் இடம் கிடைக்கும். கிடைத்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்தால் அதையே காரணம் காட்டி வெளியே தள்ளுவார்கள். இதை நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாக யோசித்து, கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள்.

ரொவீனா தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்தார். கிளெனிஸ் புது நோட்டு எடுத்தார். காலை ஆறே முக்காலிலிருந்து பள்ளி மணி அடிக்கும்வரை டாம்சினுக்காகத் தான் செய்வதையெல்லாம் எழுதினார். நாற்பத்தொன்று வந்தது. வேலை என்றே அவர் நினைத்திராத காரியங்கள். தலைமையாசிரியர் தயங்கினார்: இதைப் பிள்ளை கேட்டால் மனம் நோகாதா?

கிளெனிஸ் டாம்சினை உட்காரவைத்து முழுவதையும் வாசித்துக் காட்டி, அனுப்பலாமா என்று கேட்டார். அவள் நகத்தைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க பாடுறதை எழுதாம விட்டுட்டீங்க, மிஸ். அதைக் கேட்கச் சகிக்காமத்தான் நான் எழுந்திரிக்கிறதே."

அதையும் சேர்த்து நாற்பத்திரண்டாக அனுப்பினார்கள். தீர்ப்பாயம் மார்ச் 4, காலை பத்து மணிக்குக் கூடுகிறது. முதல் சாட்சி கிளெனிஸ்.