ஃபிரிட்ஜுக்குக் கட்டிய காப்பு

காய்ச்சல் விட்டுப்போன மனிதர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வரமாட்டார். இந்தச் சின்ன உண்மை எனக்கு உறைப்பதற்குள் எம்.டி. படிப்பில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.

பொது மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கிற ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்து தீசிஸ் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது வைரஸ் காய்ச்சல். வந்தது டெங்குவா, சிக்குன்குனியாவா, வேறு ஏதாவதா என்று உறுதியாகச் சொல்ல ஒருமுறை ரத்தம் எடுத்தால் போதாது. காய்ச்சலோடு படுத்திருக்கும்போது ஒன்று, இரண்டு மூன்று வாரம் கழித்து உடம்பு தேறிய பிறகு இன்னொன்று. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். என்னிடம் முதல் ரத்தம் நிறைய இருந்தது. இரண்டாவதுதான் இல்லை.

"கண்டிப்பா வாரேன் டாக்டரம்மா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்கள்தான் எல்லாரும். போன் செய்தால், "இப்ப நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இன்னொரு ஊசி?" என்பார்கள். நானும் இதே மாவட்டத்துக்காரிதான். வல்லத்திராக்கோட்டைப் பக்கம் எங்கள் வீடு, அப்பா விவசாயி. நன்றாக இருக்கும்போது ஊசி குத்திக்கொள்ள வா என்றால் எங்கள் வீட்டில் யாரும் பஸ் ஏறமாட்டோம். இது தெரிந்திருந்தும் போனை வைத்த பிறகு பல்லைக் கடிப்பேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே இருக்கும், இறங்கி வர நேரமாகும்.

என் ஆய்வுக்கு வழிகாட்டிய மேடம் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாதி ரத்தத்தை வச்சுக்கிட்டு முழு தீசிஸ் எழுதப் போறியா?" எத்தனை முறை போன் செய்தேன் என்று சொன்னேன். "அவங்க வரலைன்னா நீ போம்மா. ஒனக்கு வேணும்னா நீதான் போகணும்" என்றார்.

அந்த மாசி மாதம் குளத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரே வாரத்தில் பலர் காய்ச்சலோடு வந்து எங்கள் வார்டில் படுத்திருந்தார்கள். அந்த ஊரில் இரண்டாவது ரத்தம் கிடைத்துவிட்டால் தீசிஸ் பிழைத்துக்கொள்ளும். இல்லையென்றால் ஆறு மாதம் போய்விடும், பரீட்சையும் போய்விடும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர், வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிற ஓர் அக்கா. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அக்காவுக்குச் சில வருடங்களாகச் சர்க்கரை இருந்ததால் காய்ச்சலோடு அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஐந்து நாள் வார்டில் இருந்தார். காலையும் மாலையும் நான் ரவுண்ட்ஸ் போகும்போதெல்லாம் காய்ச்சலைப் பற்றிப் பேசமாட்டார். "டாக்டரம்மா, ஒங்க கோட்டு தோளு எறங்கிக் கெடக்கு. கழட்டிக் குடுங்க, ரெண்டு தையல் போட்டுத் தாரேன்" என்பார். வார்டே சிரிக்கும்.

ஒரு பங்குனி நாள் காலையில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த ஊரில் போய் இறங்கினேன். கூட வந்த லேப் டெக்னீஷியன் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற சின்ன மெஷினைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஊர் முகப்பில் தெருவுக்குக் குறுக்கே வேப்பிலை கட்டியிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம்தான் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கிறார்கள்.

தையல் அக்கா வீட்டில் காய்ச்சல் வந்து போனவர்கள் எல்லாரும் கூடினார்கள். மோர் கொடுத்தார்கள், நலம் விசாரித்தார்கள். ஊசியை எடுத்ததும் கைகளை மட்டும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். அக்காதான் பேசினார்.

"காப்புக் கட்டியாச்சுன்னா இந்த ஊர்க்காரங்க வெளியூருல ராத்தங்கக் கூடாதுங்க. எங்க போனாலும் பொழுது சாயுறதுக்குள்ள ஊருக்குள்ள வந்துரணும். ஒங்க ஆஸ்பத்திரிக்குப் போற ரத்தம் பொழுது சாயத் திரும்பி வருமா?"

எம்.டி. பாடத்தில் இந்தக் கேள்வி இல்லை.

"காப்பு எப்பக்கா அவுப்பீங்க?"

"ஏழாம் நாளு காலையில. அன்னைக்கு வாங்க, ஊரே வரிசையா ஒக்காந்து கையை நீட்டுது."

"அன்னைக்கு எடுத்தா நாள் தப்பிரும்க்கா. நாள் தப்புன ரத்தம் எனக்கு ஒதவாது. எழுதிக் கொடுத்துட்டு இப்ப முடியாதுன்னா என்ன அர்த்தம்?" குரல் உயர்ந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம், கண்ணும் கலங்கித் தொலைத்தது. அத்தனை பேர் முன்னால், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு, அழுதேன்.

அக்கா டெக்னீஷியன் பக்கம் திரும்பி, "எடுத்த ரத்தம் எத்தனை நாளைக்குக் கெடாம இருக்கும் தம்பி?" என்று கேட்டார். பிரித்தெடுத்த சீரமாக இருந்தால், ஃபிரிட்ஜில் சூடு ஏறாமல் இருந்தால், ஒரு வாரம் தாங்கும் என்றார் அவர்.

"அப்ப எங்க வீட்டு ஃபிரிட்ஜுல இருக்கட்டும். காப்பு அவுத்த அன்னைக்கு வந்து எடுத்துக்கிட்டுப் போங்க. ஊரு ரத்தம் ஊருக்குள்ளயே இருந்த மாதிரியும் ஆச்சு, ஒங்க படிப்பும் கெடாது."

முந்தானையிலிருந்து கைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அழுகை நின்றதும் எனக்கு அதிகாரம் திரும்பிவிட்டது. ரத்தம் இருக்கிற இடத்தில் தின்கிற பொருள் இருக்கக் கூடாது, வேறு எதுவுமே இருக்கக் கூடாது, ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்னேன். "சரிங்க டாக்டரம்மா" என்றார் அக்கா. தோசை மாவு, தயிர், அரைமூடித் தேங்காய், பந்துப் பூ எல்லாம், அன்றைக்கே தீர்த்துவிடச் சொல்லி, ஃபிரிட்ஜ் இல்லாத பக்கத்து வீட்டுக்குப் போயின. தையல் மேசையில் துணிகளை ஒதுக்கிவிட்டு மெஷினை வைத்தோம். மதியத்துக்குள் குழாய்கள் எல்லாம் மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜுக்குள் போய்விட்டன. ஒரு தெர்மாமீட்டரையும் வைத்து, பார்க்கிற விதத்தைச் சொல்லிக் கொடுத்தேன். அக்கா ஒரு துண்டுத் துணியைக் கிழித்து மஞ்சளில் நனைத்து, வேப்பிலையோடு ஃபிரிட்ஜ் கைப்பிடியில் கட்டினார்.

"இதுக்கும் காப்புக் கட்டியாச்சு. இனிமே எவனும் தொறக்க மாட்டான்."

தினமும் போன் செய்தேன். "நல்லா இருக்குங்க. கரண்டு ரெண்டு மணி நேரம் போச்சு, ஐஸ் வாங்கி அடுக்கிட்டேன்" என்பார். ரத்தம் கொடுத்தவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு வரும் வழியில் எட்டிப் பார்த்து, "நம்ம ரத்தம் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்களாம்.

ஏழாம் நாள் காலையில் போனேன். தெருவில் யாரோ என் மேலும் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். அக்கா கைப்பிடியிலிருந்த காப்பை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கதவைத் திறந்தார். ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் தையல் சாக்பீஸால் ஒவ்வொரு நாளும் நான்கு வேளை சூட்டைக் குறித்து வைத்திருந்தார். ஒரு குழாய்கூடக் கெடவில்லை. அந்தச் சீரம்தான் என் தீசிஸை முடித்துக் கொடுத்தது. நான் பரீட்சை எழுதியதும், இன்று பெயருக்குப் பின்னால் எம்.டி. போட்டுக்கொள்வதும் அதனால்தான். தீசிஸ் புத்தகத்தின் நன்றிப் பக்கத்தில் பெரியவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது. ரத்தம் கொடுத்தவர்களின் பெயரைப் போடக் கூடாது என்பது விதி.

டப்பாவை ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

"அங்கிட்டு மூலையில பானை இருக்கு, மொண்டுக்கங்க."

மூலையில் இரண்டு பானைகள் இருந்தன. ஈரத்துணி சுற்றியிருந்த சின்னப் பானையின் மூடியைத் திறந்தேன். பாதிப் பானை தண்ணீர். நடுவில் ஒரு டம்ளர், அதற்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றிய இன்சுலின் பாட்டில். வார்டில் நானே எழுதிக் கொடுத்து, தொடையில் எப்படிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நானே காட்டிய மருந்து.

மூடி என் கையிலேயே இருந்தது. "என்னக்கா இது?"

"நீங்கதானே ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னீங்க."

"இன்சுலின் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க வேண்டாம்ட்டு எந்திரிச்சுப் போயிருவீங்க. அழுத புள்ளைய எப்படி வெறுங்கையோட அனுப்புறது?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சமாதானம் சொல்வதுபோல, "வார்டுல நீங்க சொல்லிக் குடுத்ததுதான். கரண்டு இல்லாட்டிப் பானைத் தண்ணிக்குள்ள வைக்கலாம்னு. ஒரு வேளைகூட விடாமப் போட்டுக்கிட்டேன்" என்றார்.

என் பையிலிருந்த சர்க்கரை பார்க்கிற கருவியை எடுத்து அங்கேயே அக்காவின் விரலைக் குத்திப் பார்த்தேன். சர்க்கரை நல்ல அளவில்தான் இருந்தது. இந்த முறையும் என் கண் கலங்கியது, ஆனால் மறைக்கத் தோன்றவில்லை. ஸ்பிரிட் பஞ்சால் ஃபிரிட்ஜ் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். அக்கா தடுத்துப் பார்த்தார், நான் விடவில்லை. அப்புறம் பாட்டிலைப் பானையிலிருந்து எடுத்து, ஈரம் துடைத்து, காலியாக இருந்த ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் என் கையால் வைத்தேன்.