தொட்டால் வெளியே

எனக்கு வாய் நீளம். விசில் ஊதி ஊதியே இப்படி ஆகிவிட்டது என்று வீட்டில் கேலி செய்வார்கள். திருத்தணியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளியில் நான் பி.டி. மிஸ். அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறேன். இந்த வாயால் நான் பட்ட பாடு நிறைய. அதில் ஒன்றை மட்டும்தான் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோகோ ஆடும்போது துரத்துகிறவளின் கை மேலே பட்டுவிட்டால் விசிலுக்குக் காத்திருக்கக் கூடாது. பட்டவளே கையைத் தூக்க வேண்டும். தொட்டவளின் உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டிவிட்டுத் தானாக வெளியே போக வேண்டும். தலைமையாசிரியையாக இருக்கும் சிஸ்டர் கொண்டுவந்த ஏற்பாடு இது. வந்த புதிதில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், பட்டது, படவில்லை என்று அழுது மூக்கைச் சிந்துவார்கள். எனக்குப் பாதி பீரியட் சமாதானம் பேசுவதிலேயே போய்விடும். ஆனால் பழகிவிட்டார்கள். எவ்வளவு பழகினார்கள் என்றால், தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் இடித்துவிட்டவள்கூட கையைத் தூக்கிக்கொண்டு கடைசிக்குப் போய் நிற்பாள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும்.

பத்தாம் வகுப்புக்கு வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட். இரண்டின் மேலும் கணக்கு சாருக்கு ஒரு கண். "இந்த ஒரு வாரம் மட்டும் மிஸ்" என்று ஆடிக் கிருத்திகை லீவு முடிந்ததும் ஆரம்பிப்பார். அந்த ஒரு வாரம் அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் முடியாது. இந்த வருடம் ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும், இரண்டையும் கணக்குக்கே கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

"குதிச்சிகினு இருந்தா மார்க்கு வருமா மிஸ்?"

எனக்குச் சுருக்கென்றது. "இந்த வருஷம் வட்டார கோகோ கப்ப எங்க புள்ளைங்க எடுத்துகினு வருவாங்க சார். வரலன்னா ரெண்டு பீரியடையும் நீங்களே வச்சிக்கோங்க" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

போட்டி ஆர்.கே.பேட்டையில் நடந்தது. எங்கள் பிள்ளைகள் இறுதி ஆட்டம் வரைக்கும் போய்விட்டார்கள். ஆட்டத்துக்கு முன்னால் வட்டமாக நின்று சிலுவை போட்டார்கள். அடுத்த மூச்சிலேயே அரோகரா சொன்னார்கள். எங்களுக்கு இரண்டும் ஒரே கும்பிடுதான். நான் அவர்களை அருகில் கூப்பிட்டேன்.

"இன்னிக்கி அம்பயர் விசில் ஊதுனாதான் அவுட்டு. எவளும் தானா கையத் தூக்கிகினு வெளிய வரக் கூடாது. புரிஞ்சிதா?"

"ஆங் மிஸ்" என்றார்கள். கொஞ்சம் இழுத்துத்தான் சொன்னார்கள். நான் காதில் வாங்காததுபோல் நகர்ந்துவிட்டேன். அன்றைக்குப் பந்தயத்தில் மாட்டியிருந்தது நான் அல்லவா?

ஆட்டம் பிரமாதமாகப் போனது. கடைசிச் சுற்றில் எதிரணி துரத்த வேண்டும், நாங்கள் ஓட வேண்டும். முடிய சில நொடிகளே இருந்தன. இரண்டு பக்கமும் ஒரே புள்ளி. எங்கள் கேப்டன் உள்ளே ஓடிக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு, ஆர்.கே.பேட்டைப் பிள்ளை. அவளுடைய அப்பா விசைத்தறியை நிறுத்திவிட்டு வந்து கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தார். துரத்திய பெண் எட்டிப் பாய்ந்தாள், நம்மவள் உடம்பை வளைத்துத் தப்பித்தாள். விசில் வரவில்லை. நான் துள்ளிக் குதித்தேன்.

குதித்துக் கீழே வருவதற்குள் அவள் கையைத் தூக்கிவிட்டாள். அந்தப் பெண்ணைத் தேடிப் போய் உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டினாள். தொட்டவளுக்கே தான் தொட்டது தெரியவில்லை, திருதிருவென்று விழித்தாள். அம்பயர், "நான் அவுட் குடுக்கலியேம்மா, உள்ள போ" என்றார். இவளோ, "இல்லீங்க சார், முழங்கையில பட்டுச்சி" என்று கோட்டைத் தாண்டி வெளியே வந்து நின்றுகொண்டாள். கோட்டைத் தாண்டினாலே அவுட்தான், அவருக்கு வேறு வழியில்லை. ஒரு புள்ளியில் தோற்றோம்.

அவளுடைய அப்பா பக்கத்தில் நிற்கிறார் என்றுகூட நான் பார்க்கவில்லை. "விசில் வரைக்கும் நில்லுன்னு படிச்சிப் படிச்சி சொன்னேனே! உன்னால ரெண்டு பீரியடும் போச்சு" என்று கத்திவிட்டேன்.

"எந்த ரெண்டு பீரியட் மிஸ்?"

சொல்லவேண்டியதாயிற்று. கப்பு போனபோது வாடாத முகங்கள் அப்போது வாடின. வாரத்தில் அந்த இரண்டு பொழுதுகள்தான் அவர்களுக்கு வெயிலும் ஓட்டமும். அதை நான் என் வீம்புக்கு வைத்து ஆடியிருக்கிறேன். கேப்டன் மெதுவாகச் சொன்னாள்: "நிக்கணும்னுதான் மிஸ் நெனச்சேன். கை தானா மேல போயிடுச்சி."

அவளுடைய அப்பா இடையில் வந்தார். "கோவிச்சிக்காதீங்க மேடம். வூட்லகூட தம்பியாண்ட வெளையாட சொல்லோ இதே ரோதனதான். தொட்டா தானா ஒதுங்கிப் போயிடறா. அவன் போவ மாட்டேன்றான். தெனம் சண்ட."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். "நைனா, சும்மா இரு" என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் வேர்க்கடலைப் பொட்டலம் கைமாறியது. அப்புறம் பாட்டு, கைதட்டல், கண்டக்டரின் அதட்டல், அவரையே இழுத்துவைத்துப் பாட்டு. உம்மென்று உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான்.

திங்கட்கிழமை கணக்கு சார் டைம் டேபிளோடு சிஸ்டரின் அறைக்கு வந்தார். நான் முந்திக்கொண்டேன். சவால் விட்டதையும், விசில் வரும்வரை நிற்கச் சொன்னதையும், அப்பா எதிரிலேயே அந்தப் பெண்ணைத் திட்டியதையும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சவால் விட்டது நீங்க. எழுதி வச்சிக்கிட்டது அவர். பீரியட் பிள்ளைங்களோடது. அதை வச்சிப் பந்தயம் கட்ட உங்க ரெண்டு பேருக்கும் யார் உரிமை குடுத்தா?"

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கணக்கு சார் டைம் டேபிளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் முதல்முறையாகப் பாசமே வந்துவிட்டது. கிளம்பும்போது சிஸ்டர் என்னை நிறுத்தி, "அந்தப் பிள்ளைகிட்ட பேசிட்டீங்களா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "அப்போ எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்?" என்றார்.

அன்று மதியமே பத்தாம் வகுப்புக்கு பி.டி. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினேன். இத்தனை வருடமாக மைக் இல்லாமல் மைதானத்தையே அதிரவைத்த நான் அன்று மெல்லத்தான் பேசினேன். "அன்னிக்கி உன்னை நான் திட்டினது தப்பு. நிக்கச் சொன்னது அதவிடத் தப்பு. மன்னிச்சிடும்மா" என்று கேப்டனிடம் சொன்னேன். பீரியட் போகவில்லை என்பதையும் சொன்னேன். நியாயமாக நிறையப் பேச வேண்டும் என்று சாப்பாட்டு வேளையிலேயே யோசித்து வைத்திருந்தேன், அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு இழுத்தேன்.

அவள் கட்டடத்தின் கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள்.

"சரி மிஸ், அத்த விடுங்க. பெல்லடிக்க இன்னும் முப்பது நிமிஷந்தான் கீது. ஆடலாமா?"